பதினாலுக்கு இருபத்திரண்டு

திருவண்ணாமலை,
7.7.2025

சுருதிக்கு,

வீட்டைப் பற்றி எதுவானாலும் எழுதி அனுப்புங்கள், போன் வேண்டாம் என்று மார்ச் மாதக் கடைசியில் பெங்களூர் பஸ் ஏறும்போது சொன்னாய். அதன்படி எழுதுகிறேன். பதிவுத் தபாலில் அனுப்பக் காரணம், உள்ளே ஒரு படிவம் இருக்கிறது.

விஷயம் இதுதான். வீட்டின் பின்பக்கம் காலியாகக் கிடக்கும் இடத்தில், காரை உள்ளே விட்டுப் பூட்டி வைக்கிற மாதிரி ஒரு ஷெட் போடலாம் என்றிருக்கிறேன். டேப் பிடித்து அளந்துவிட்டேன். பதினாலுக்கு இருபத்திரண்டு அடி. காரின் நீளம் பன்னிரண்டரை அடி. பின்சந்து பதினோரடி அகலம். பின்சுவரில் ஒன்பது அடி இடித்து இரும்பு ஷட்டர் மாட்டினால், ரிவர்ஸில் ஒரே திருப்பில் வண்டி ஏறிவிடும். முப்பத்தொரு வருடம் சர்வேயராக ஊரார் நிலத்தை அளந்தேன். நம் வீட்டுப் பின்பக்கத்தை அளந்தது இதுதான் முதல் தடவை. துவைக்கிற கல்லை நகர்த்த வேண்டும். கொய்யா மரத்தை எடுக்க வேண்டாம், ஒரு கிளையை மட்டும் வெட்டினால் போதும்.

நம் வரிசையில் எந்த வீட்டுக்கும் முன்னால் இடம் கிடையாது. சுவரோடு சுவர், வாசற்படியோடு தெரு. நீ சென்னையிலிருந்து புனேவுக்கு மாறியபோது உன் காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாய். மூன்று வருடமாக அது தெருவில் நிற்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மத்தியானமே தெருவை அடைத்துவிடுகிறார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு இடைஞ்சலாக நிற்கும் வண்டியைப் போலீஸ் கொக்கி போட்டு இழுத்துப் போகிறது. அதனால் மாதம் ஒருமுறை திண்டிவனம் சாலையில் இருக்கிற அரிசி மில்லில் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வருகிறேன். இரண்டரை கிலோமீட்டர்.

பின் இடம் அம்மா பெயரில் வாங்கியது. அம்மா இல்லாததால் வாரிசு நானும் நீயும். அனுமதி கேட்க உன் சம்மதக் கையெழுத்து வேண்டும். பென்சிலில் குறி போட்டிருக்கும் மூன்று இடத்திலும் போட்டு அனுப்பு.

மேஸ்திரி கண்ணாயிரம் வந்து பார்த்தார். "இன்னா சார், காருக்கா கஜானாவுக்கா? இம்மாம் பெரிய பூட்டு கேக்கறீங்க" என்றார். "ஜைன நயினார் வூட்டு வேலைன்னா ஒண்ணு நல்லது. பொழுது சாயறதுக்குள்ள உங்களுக்கு ராச்சாப்பாடே முடிஞ்சிடும். நானும் நேரத்தோட வூடு போய்ச் சேருவேன்" என்றார். மழை விழுந்த பிறகு மண்ணைத் தோண்டினால் புழு பூச்சி நிறைய வரும். அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா,
யசோதரன்


புனே,
19.7.2025

அப்பாவுக்கு,

படிவம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. திருப்பியும் அனுப்பவில்லை. கல்லூரி நூலகத்தில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். அளவுகள் எல்லாம் இருக்கின்றன. அம்மா செத்துப்போனது மட்டும் "அம்மா இல்லாததால்" என்று இரண்டு சொல்லில் முடிந்திருக்கிறது. மார்ச் பதின்மூன்றாம் தேதியும் பௌர்ணமிதான். அதை நீங்கள் எழுதவில்லை.

ஷெட் போடுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது போட்டால் அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிடும். கார் நிறுத்த இடம் இல்லாததுதான் குறை, அதைச் சரிசெய்தாகிவிட்டது என்று ஆகிவிடும். அதில் என் கையெழுத்தும் இருக்கும். என்னால் முடியாது.

காரியத்துக்கு வந்த எல்லாரிடமும் நீங்கள் ஒரே கதையைச் சொன்னீர்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "அஞ்சரைக்கெல்லாம் வந்துட்டேன். ரெண்டு பேரும் பொழுதோட சாப்பிட்டோம். ரெண்டு இட்லி சாப்பிட்டா. படுத்தவ எழுந்திருக்கல." கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வந்த பவன் மாமாவிடம் சொன்னீர்கள். எதிர்வீட்டு எழிலரசி அக்காவிடம் சொன்னீர்கள். நாலாவது ஐந்தாவது தடவை சொல்லும்போது ஒரு சொல்கூட மாறவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நடந்ததைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டு என்னிடம் இருக்கிறது. வந்து சேர்ந்தபோது சர்க்கரை இருபத்தாறு என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு இட்லி சாப்பிட்டவளுக்கு இருபத்தாறு வராது.

எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீர்கள்?

சுருதி


திருவண்ணாமலை,
2.8.2025

சுருதிக்கு,

அஞ்சரை என்று சொன்னது சரியல்ல. வந்தது ஆறு முப்பத்தைந்துக்கு. அன்று பொழுது சாய்ந்தது ஆறு இருபதுக்கு.

காலையில் நம் சொந்த ஊர் ஜினாலயத்துக்குக் காரில் போனேன். கூரை ஒழுகுகிறது, வந்து அளந்து கொடு என்று கூப்பிட்டிருந்தார்கள். முடித்துவிட்டுத் திரும்ப நாலரை ஆகிவிட்டது. தெருமுனையில் தடுப்பு போட்டுவிட்டார்கள். "பெரியவரே, திருப்பிக்கினு போங்க, உள்ள உட முடியாது" என்றார் ஒரு கான்ஸ்டபிள். வீடு தெரிகிற தூரம். வண்டியைத் திருப்பிக்கொண்டு, அடைத்த தெருக்களைச் சுற்றி மில்லுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது.

மில் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் சாவியை எடுத்துக்கொண்டு, நடக்கிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றப் போயிருந்தான். போன் செய்தேன், எடுக்கவில்லை. ஐந்து இருபத்தைந்துக்கு அம்மாவுக்குப் போன் செய்து, "மில்லாண்ட இருக்கேன், தோ வந்துடறேன், பத்து நிமிஷம்" என்றேன். பத்து நிமிடத்தில் அங்கிருந்து யாராலும் வர முடியாது. அப்படிச் சொல்வது வழக்கம், சொன்னேன்.

காரைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். போன கார்த்திகையில் தெருவில் நின்றபோது யாரோ பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு பூட்டில்லாத இடத்தில் விட மனம் வருவதில்லை. நின்றேன். ஐந்து ஐம்பதுக்கு வாட்ச்மேன் வந்தான். "இன்னா நைனா, வண்டியத் தூக்கினு பறந்துடுவாங்களா? கல்லு வெச்சு நிறுத்திட்டுப் போக வேண்டியதுதானே" என்று சிரித்தான். உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு நடந்தேன். கூட்டம் எதிரில் வந்தது. நாற்பத்தைந்து நிமிடம் ஆனது.

பூட்டுக்காக நான் நின்றது இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் மணி ஆறு பத்து. பத்து நிமிடம் வெளிச்சம் இருந்திருக்கும், பொழுது சாய்ந்த பிறகுதானே சாப்பிடக்கூடாது. இரண்டு இட்லிக்குப் பத்து நிமிடம் போதும். பின்பக்கம் ஷெட் இருந்திருந்தால் நாலரைக்கே வீட்டில் இருந்திருப்பேன். அன்று பின்சந்தில் கூட்டமே இல்லை. ஆம்புலன்ஸ்கூட அங்கே வந்திருக்கும். பின்சுவரில் கதவு இல்லாததால் நாற்காலியில் வைத்துத் தெருமுனை வரை தூக்கிப் போனோம்.

ஷெட் எதற்கு என்று கேட்டாய். இதற்குத்தான். கையெழுத்தை அனுப்பு.

அப்பா


புனே,
16.8.2025

அப்பாவுக்கு,

பக்கக் கண்ணாடி திருட்டுப் போனபோது போனில் உங்களைத் திட்டியது நான்தான். "ஒரு காரைக்கூட பாத்துக்க முடியலயா?" என்று கேட்டேன். அது என் சேமிப்பில் வாங்கிய கார் என்றும் சொன்னேன். அதை நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டது எனக்காக என்றால், வேண்டாம். நான் மறக்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதம் ஆறு முப்பத்தைந்தோடு நின்றுவிட்டது. வாசற்படி வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வரவில்லை. நேற்று எழிலரசி அக்காவுக்குப் போன் செய்தேன். "நான் வந்து பாக்கறப்ப ஏழரை இருக்கும்மா. எங்க வீட்டுக்காரரு வாழைப்பழம் நெறைய வாங்கினு வந்தாரு, காலையில அக்கா சாப்பிடட்டுமேன்னு எடுத்துனு வந்தேன். உங்கப்பா பேப்பர் படிச்சினு இருந்தாரு" என்றார்.

ஆறு முப்பத்தைந்திலிருந்து ஏழரை வரை ஐம்பத்தைந்து நிமிடம். மில் கேட்டில் நின்ற இருபத்தைந்து நிமிடத்தை ஒரு பக்கம் எழுதினீர்கள். வீட்டில் இருந்த ஐம்பத்தைந்து நிமிடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதை எழுதுங்கள். அந்தத் தாள் வந்த அன்றைக்கே மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அது என்ன என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதற்குத் தகுந்த மாதிரி எழுதுவீர்கள். நீங்களாக எழுதினால் அது அதில் இருக்கும், அல்லது இருக்காது.

சுருதி


திருவண்ணாமலை,
6.9.2025

சுருதிக்கு,

நாலு தடவை உட்கார்ந்தேன். வரவில்லை.

கண்ணாயிரத்தை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். செங்கல் இறக்கியது தெருவில் கிடக்கிறது. நாளை பௌர்ணமி. இன்றைக்கே காரை மில்லில் விட்டுவிட்டு வந்தேன். வாட்ச்மேன் இருந்தான்.

படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அப்பா


திருவண்ணாமலை,
21.9.2025

சுருதிக்கு,

ஆறு முப்பத்தைந்துக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு தட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மேலே மின்விசிறி ஓடியது. அப்படியும் அவள் நெற்றியில் வியர்வை இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"இவ்ளோ நேரமா?" என்றாள். கோபம் இல்லை. நான் வாட்ச்மேனைத் திட்ட ஆரம்பித்தேன். இரண்டு மூன்று நிமிடம் திட்டியிருப்பேன். முடிக்கும்வரை கேட்டாள். பிறகு சொன்னாள். "ஒரு மாதிரியா இருக்குதுங்க. பொழுது சாஞ்சிடுச்சு, தெரியும். ஒரு வாய் சாப்பிடட்டுமா? உங்களக் கேட்டுக்கலாம்னுதான் உக்காந்துனு இருந்தேன்."

நான் சொன்னது இது. "உனக்குத் தெரியாததா?"

சொல்லிவிட்டுக் கால் கழுவப் பின்பக்கம் போனேன்.

இந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவள் நீ. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப் போகிறார்கள், போகட்டுமா என்று கேட்பாய். உனக்குத் தெரியாததா என்பேன். போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீயாகப் போகாமல் இருந்துவிடுவாய். அம்மாவிடமும் முப்பத்துநாலு வருடம் இதே வார்த்தைதான். யாருக்கும் எதையும் தடுக்காதவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் நடந்து வந்த கால். கழுவப் பத்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது அவள் படுத்திருந்தாள். அசதி என்று நினைத்தேன். கண்ணில் வெளிச்சம் அடிக்கக்கூடாது என்று அந்தப் பக்கத்து விளக்கை அணைத்தேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். எழிலரசி வந்தாள். பழத்தைக் கையில் கொடுக்கப் போனவள், "சார், அக்கா கை ஜில்லுனு இருக்குது, எழுப்புங்க, எழுப்புங்க" என்றாள். எழுப்பிப் பார்த்தோம், எழவில்லை.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போனபோதுதான் ஊசியையும் பஞ்சையும் பார்த்தேன். நான் பத்து நிமிடம் என்று சொன்னதை நம்பி, வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று மாலை இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊசி போட்டு அரைமணிக்குள் சாப்பிட வேண்டும். தெரிந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் நாலு தடவை உட்கார்ந்தேன். அதை எழுத முடியவில்லை. சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

பொழுது சாய்ந்தபின் சாப்பிடக்கூடாது என்ற நியமம் நோயாளிக்கு இல்லை. மருந்துக்கும் தண்ணீருக்கும் விலக்கு உண்டு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் நியமத்தைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்.

பொய் ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் ஊரில் யாரும் என்னைத் திட்டமாட்டார்கள். நியமம் தவறாமல் போனாள், புண்ணியவதி என்பார்கள். பவன் கோயிலில் எழுந்து நின்று அதைச் சொல்வான். நான் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு இரண்டு இட்லி பரவாயில்லை என்று தோன்றியது. அது ஒரு காரணம். இன்னொன்று, எனக்குப் பயம். இதில் எது முதலில் வந்தது என்று கேட்டால் பயம்தான்.

ஷெட்டுக்காக இதை எழுதவில்லை. நீ கேட்டாய், எழுதினேன்.

அப்பா


புனே,
8.10.2025

அப்பாவுக்கு,

அம்மா உங்களைக் கேட்டாளா இல்லையா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அன்று ஆறு இருபத்துநாலுக்கு நான் அம்மாவிடம் பேசினேன். நூலகம் மூடிவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "உங்கப்பா இன்னும் வரல. பத்து நிமிஷம்னாரு, ஊசி வேற போட்டுட்டேன். பொழுது போயிடுச்சு பாரு" என்றாள். "நீ சாப்பிடும்மா, ஒரு நாள் சாப்பிட்டா என்ன" என்றேன். சிரித்தாள். "நீ சொல்லுவ, நீதான் ஒம்பது மணிக்குத் துன்றவளாச்சே. அப்பா வரட்டும், கேட்டுக்கறேன்" என்றாள்.

நான் "சரி" என்றேன். பஸ் வந்துவிட்டது. சரி என்று சொல்லி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். உட்கார இடம் கிடைத்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது.

ஊசி போட்டபின் சாப்பிடாமல் இருக்கக்கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். வெறும் தண்ணீர் நிரப்பி எலுமிச்சம்பழத்தில் குத்திக் குத்திப் பழக்கினேன். அம்மா ஊசி போட்டுக்கொண்டது தெரியாமல் நீங்கள் சொன்னீர்கள். நான் தெரிந்து சரி என்றேன்.

உங்களிடம் பேசாமல் இருந்ததைக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா உங்களைக் கேட்கவே இல்லை என்றால் எல்லாம் என்னுடைய "சரி"யில் வந்து நின்றுவிடும். கேட்டாள் என்றால் பாதி உங்களிடம் போய்விடும். அதற்காகத்தான் கையெழுத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் பேரம் பேசினேன். உங்கள் கடிதம் வந்தது. படித்தேன். பாதி எங்கேயும் போகவில்லை.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று இடத்திலும் போட்டிருக்கிறேன். இப்போது அது வெறும் ஷெட். காருக்கு ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். கட்டுங்கள். கண்ணாயிரத்தைத் திரும்பக் கூப்பிடுங்கள், செங்கல் தெருவில் கிடந்தால் அதையும் யாராவது கொண்டுபோவார்கள்.

டிசம்பர் இரண்டாம் தேதி வருகிறேன். பெங்களூரிலிருந்து பஸ். தீபத்துக்கு முந்தின நாள் என்பதால் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிடுவார்கள். நடந்து வீடு வந்து சேர எட்டு மணி ஆகும். பசியோடு வருவேன். அந்த நேரத்துக்கு நம் வீட்டில் என்ன இருக்கும் என்று தெரியவில்லை. இல்லையென்றால் வழியிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறேன். எப்படி என்று எழுதுங்கள்.

சுருதி


திருவண்ணாமலை,
22.11.2025

சுருதிக்கு,

அனுமதி அக்டோபர் கடைசியில் கிடைத்தது. ஷெட் முடிந்துவிட்டது.

மழைக்கு முன்னால் என்று இருந்தேன், நடு மழையில்தான் தோண்ட முடிந்தது. குழி வெட்டும்போது மண்புழு கொத்துக் கொத்தாக வந்தது. எடுத்து எடுத்துக் கொய்யா மரத்தடியில் விட்டேன். கண்ணாயிரம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "சார், இப்டிப் பொறுக்கினே இருந்தா அடுத்த வருச தீபத்துக்குத்தான் ஷட்டர் மாட்டுவேன்" என்றார். அப்புறம் அவரும் உட்கார்ந்து பொறுக்கினார். இரண்டு நாள் அதிகம் ஆனது.

ஷட்டர் ஒன்பது அடி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பூட்டு, நடுவில் ஒன்று. பதினெட்டாம் தேதி முதல்முதலாகக் காரை உள்ளே விட்டேன். ஒரே திருப்பில் ஏறும் என்று உனக்கு எழுதியிருந்தேன். ஏறவில்லை. பின்சந்து மின்கம்பத்தை நான் அளவில் சேர்க்கவில்லை. இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுத்தால்தான் ஏறுகிறது. கண்ணாயிரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பூட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக அடுக்களைக்கு வந்தேன். மூன்று நிமிடம் ஆனது. மணி நாலு இருபது. கூடத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன். நிம்மதி வரவில்லை. துக்கமும் வரவில்லை. வெளியே வெயில் இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பவன் வந்திருந்தான். அவனிடம் இட்லிக் கதை பொய் என்று சொல்லி நடந்ததைச் சொன்னேன். நான் நினைத்த மாதிரியே, "என் அக்கா புண்ணியவதி, கடைசி வரைக்கும் தவறல பாரு" என்றான். "இல்ல பவன். அவ சாப்பிடட்டுமான்னு கேட்டா. நான்தான் சாப்பிடுன்னு சொல்லல" என்றேன். அவன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, "ஷெட்டு நல்லா வந்துருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான். ஊரில் சொல்வானா தெரியாது. சொன்னால் சொல்லட்டும்.

பாதி உன்னுடையது பாதி என்னுடையது என்று எழுதியிருந்தாய். நிலத்தை அப்படிப் பிரிக்கலாம். கல் நட்டுவிட்டு வரலாம். இதைப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. உன்மேல் தப்பு இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ எனக்கு அப்படி எழுதியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். அதனால் அதை எழுதவில்லை.

இரண்டாம் தேதி வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம்.

இந்த வீட்டில் பொழுது சாய்ந்தபின் அடுப்பு மூட்டியது கிடையாது. நேற்று மூட்டிப் பார்த்தேன். மணி ஏழரை. விளக்குக்குப் பூச்சி வந்து விழும் என்பதுதானே நம் பெரியவர்கள் சொன்ன காரணம். வலை அடித்த ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். மழைக்காலம், அப்படியும் இரண்டு உள்ளே வந்தன. ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து வெளியே விட்டேன். சோறு வைத்து ரசம் வைத்தேன். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. நான் சாப்பிடவில்லை. எழிலரசி வீட்டில் கொடுத்துவிட்டேன். "இன்னா சார், இந்நேரத்துல உங்க வூட்ல குக்கர் விசில் கேக்குதேன்னு பாத்தேன்" என்றாள். பொண்ணு வருது, பழகிக்கறேன் என்றேன்.

நீ எட்டு மணிக்கு வந்தாலும் ஒன்பது மணிக்கு வந்தாலும் சோறு சூடாக இருக்கும். நான் சாப்பிடுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. பக்கத்தில் உட்காருவேன். தட்டை வைத்து, சாப்பிடு என்று நான் வாயால் சொல்ல வேண்டும். அதையும் நேற்று அடுக்களையில் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அப்பா